உள்நாட்டார் ஆதரவும் கையடக்க ஆட்டக் கருவியும்

கையடக்க ஆட்டக் கருவியை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்கலாம். அல்லது கடைக் கண்ணாடிக்கு இப்பால் நின்றாவது பார்த்திருப்பீர்கள். இரு கைகளுக்கும் நடுவே அடங்கும் ஒரு சிறு பெட்டி. நடுவில் திரை, இருபுறமும் பொத்தான்கள், உள்ளே ஒரு குட்டிக் கணிப்பொறி. ஆனால் பெட்டியை மட்டும் வாங்கி வந்து வைத்துக்கொண்டால் ஒன்றும் நடவாது. ஆட்டத்தைத் தனியே வாங்கி அதில் செருக வேண்டும். இசைத்தட்டு இல்லாத கிராமபோன் எப்படியோ அப்படித்தான் ஆட்டம் இல்லாத கருவியும்.

இதிலிருந்து ஒரு கருத்துப் பிறந்து நன்கு வேரூன்றியும் விட்டது. "ஒரு நாட்டில் இத்தகைய கருவி வெல்லுமா, தோற்குமா என்பதை முடிவு செய்பவர்கள் அந்நாட்டில் ஆட்டங்களை ஆக்கும் நிறுவனத்தார்தாம். அவர்கள் ஆதரித்தால் வெற்றி, கைவிட்டால் தோல்வி" என்பதே அது. சிறப்பாக, ஜப்பானைப் பற்றிப் பேசுவோர் இதனை ஓர் இயற்கை விதியைப் போலவே எடுத்துரைக்கின்றனர். விதி என்று ஒன்றைச் சொன்னால் அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. ஜப்பானையே சோதனைக்களமாகக் கொள்வோம். புகழ்பெற்ற கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறந்தன. வெற்றிகளும் தோல்விகளும் அங்கே ஏராளம்.

இது சிறுவர் சச்சரவு என்று ஒதுக்கிவிட வேண்டாம். 20,000 யென் கொடுத்து ஒரு குடும்பம் வாங்கிய கருவி மூன்றாண்டு கழித்தும் பயன்படுமா, அல்லது மேசை அறையில் தூசி படிந்து கிடக்குமா என்பது இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஆட்டம் ஆக்கும் சிறு நிறுவனம் ஒன்று தன் பல ஆண்டு உழைப்பை எந்தக் கருவியின் மீது வைப்பது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. இவற்றுக்கும் மேலாக, இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாகக் காணப்பட்டால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடும் பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது அல்லவா? அதைப் பரிசோதிக்க இதைவிட நல்ல உதாரணம் எளிதில் கிடைக்காது.

முதலில் எதிர்த்தரப்பாரின் வாதத்தை நேர்மையாக எடுத்து வைத்துவிடுவோம். கருவியைச் செய்யும் நிறுவனம் கருவியை விற்பதில் பெரும் இலாபம் பார்ப்பதில்லை. சில வேளைகளில் நட்டத்துக்கே விற்பதும் உண்டு. விற்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உரிமைத்தொகை கிடைக்கிறதே, அதுதான் அதன் வருவாய். ஆட்டங்கள் நிறைய வந்தால் மக்கள் கருவியை வாங்குகிறார்கள். கருவியை வைத்திருப்போர் பெருகினால் ஆட்டம் ஆக்குவோர் மேலும் வருகிறார்கள். சக்கரம் சுழல்கிறது. ஜப்பானியர் தங்கள் மொழியில், தங்கள் கதைமரபில், தங்கள் ஓவிய முறையில் அமைந்த ஆட்டங்களையே பெரிதும் விரும்புகின்றனர் என்பதும் உண்மை. ஆகவே சக்கரத்தை முதலில் தள்ளிவிடுவது உள்நாட்டு நிறுவனத்தாரின் கைதான் என்பது வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் சுழலும் சக்கரத்தில் எந்தப் புள்ளியை முதற்புள்ளி என்று சொல்வது?

பாட்டரியும் வெளிச்சமும்

1989 ஏப்ரல் 21ஆம் நாள் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்னும் கருவியை 12,500 யென் விலையில் வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனத்தின் லிங்ஸ் வந்தது. அடுத்த ஆண்டு, 1990இல், டோக்கியோவின் சேகா நிறுவனம் கேம் கியர் என்பதைக் கொண்டுவந்தது. பின்னவை இரண்டும் வண்ணத்திரை கொண்டவை. திரைக்குப் பின்னால் விளக்கும் உண்டு. கேம் பாயின் திரையோ பச்சை கலந்த சாம்பல் நிறம், நான்கே நிறச்சாயல்கள், விளக்கு இல்லை. கடையில் மூன்றையும் அருகருகே வைத்தால் கேம் பாயை யார் தொடுவார்கள் என்றே தோன்றும்.

இங்கே சிறிது இயற்பியல் பார்க்க வேண்டும். நீர்மப் படிகத் திரை தானாக ஒளி விடுவதில்லை. கேம் பாயின் திரை, அறையில் இருக்கும் வெளிச்சத்தையே வாங்கித் திருப்பி அனுப்பி நமக்கு உருவத்தைக் காட்டுகிறது. இதற்குச் செலவாகும் மின்சாரம் மிகச் சொற்பம். அக்கால வண்ணத்திரைகளில் அது எளிதன்று. வண்ண வடிகட்டிகள் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் பின்னாலிருந்து விளக்குப் போட வேண்டியிருந்தது. அக்காலத்தில் அந்த விளக்கு ஒரு சிறு குழல் விளக்கு. பாட்டரியை உறிஞ்சுவதில் அதற்கு இணை அதுவே.

விளைவு யாது? கேம் கியருக்கு ஆறு பென்சில் பாட்டரிகள் வேண்டும். மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் அவை தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கே போதும். பத்து மணிக்கு மேல் தாராளமாக ஓடும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கேம் பாய் பத்து மணிதான் ஓடும் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் மணிக்கு 0.4 பாட்டரி. கேம் கியருக்கு நான்கு மணி என்று கொண்டால் மணிக்கு 1.5 பாட்டரி. ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்தச் செலவைத் தாங்க வேண்டியவர் ஆடும் சிறுவன் அல்லர், அவன் தந்தையார். அவருக்கு எந்த ஆட்டம் எந்த நாட்டில் ஆக்கப்பட்டது என்பதில் அக்கறை இருந்திருக்க முடியாது!

இந்த எளிய அமைப்பு தற்செயலாக நேர்ந்ததன்று. கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யொகோய். பழகிப்போன, மலிவான தொழில்நுட்பத்தை எடுத்து, அதை யாரும் எண்ணாத புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இனி, ஆட்டங்களுக்கு வருவோம். சேகாவும் ஜப்பானிய நிறுவனம். நின்டெண்டோவும் ஜப்பானிய நிறுவனம். இரண்டுக்கும் உள்நாட்டில் ஆட்டம் ஆக்குவோர் உண்டு, நின்டெண்டோவுக்கு அதிகம். ஆனால் அமெரிக்கச் சந்தையில் கேம் பாயைத் தூக்கி நிறுத்திய ஆட்டம் எது? கருவியோடு சேர்த்தே அங்கு விற்கப்பட்ட டெட்ரிஸ். அது ஜப்பானிலும் பிறக்கவில்லை, அமெரிக்காவிலும் பிறக்கவில்லை. 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்நோவ் ஆக்கியது அது. மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்க வேண்டும், அவ்வளவே. அதற்கு மொழி தேவையில்லை, கதை தேவையில்லை, வண்ணமும் தேவையில்லை. ஐந்து நிமிடம் கிடைத்தால் ஐந்து நிமிடம் ஆடலாம். கேம் பாயின் எல்லாக் குறைகளையும் மறைத்து, எல்லா நிறைகளையும் வெளிக்காட்டிய ஆட்டம் அது. கேம் பாயில் மட்டும் மூன்று கோடிக்கு மேல் விற்றது. உள்நாட்டு ஆதரவு பற்றிய விதிக்கு இந்த முதற் சாட்சியே பாதகமாக அமைந்துவிட்டது.

"போக்கிமான் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். 1996 பிப்ரவரி 27ஆம் நாள் வெளிவந்த அந்த ஆட்டத்தை ஆக்கியது சதோஷி தஜிரி தலைமையில் இயங்கிய கேம் ஃப்ரீக் என்னும் சிறிய ஜப்பானிய நிறுவனம். ஏழாண்டுக் கிழமாகிவிட்ட கேம் பாய்க்கு அது புத்துயிர் அளித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். அந்த ஆட்டத்தின் உயிர்நாடி, இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்துப் பிடித்த பிராணிகளைப் பண்டமாற்றுச் செய்துகொள்வது. அந்தக் கம்பி 1989இலேயே கேம் பாய்க்கென இருந்தது. அதைக் கண்டுதான் தஜிரிக்கு அக்கற்பனையே தோன்றியது. அடுத்தது, ஆட்டத்தை ஆக்க அவர்களுக்கு ஆறாண்டு பிடித்தது. அந்தக் காலமெல்லாம் சோர்ந்துபோகாமல் அவர்களுக்குப் பின்துணையாக நின்றது நின்டெண்டோ தரப்பு. ஆக, யார் யாரை ஆதரித்தார் என்பதே இங்கு தலைகீழாகி விடுகிறது.

எல்லாம் இருந்தும் தோற்றது

விதியைச் சோதிக்கச் சிறந்த வழி, ஆதரவு நிறைந்திருந்தும் தோற்ற ஒன்றைத் தேடிப்பிடிப்பது. வொண்டர்ஸ்வான் அத்தகையது.

யொகோய் 1996இல் நின்டெண்டோவை விட்டு விலகித் தனி நிறுவனம் தொடங்கினார். விளையாட்டுப் பொம்மைகளுக்குப் பேர்போன பன்டாய் நிறுவனத்துக்காக ஒரு புதிய கையடக்கக் கருவியை வகுத்துக் கொடுக்கும் பணியில் ஈடுபட்டார். 1997 அக்டோபரில் ஒரு சாலை விபத்தில் அவர் இறந்தார். கருவி 1999 மார்ச்சு 4ஆம் நாள் வெளிவந்தது. விலை 4,800 யென். ஒரே ஒரு பென்சில் பாட்டரி. அதில் சுமார் 30 மணி நேரம் ஆடலாம். நெட்டுவாக்கிலும் பிடிக்கலாம், குறுக்குவாக்கிலும் பிடிக்கலாம். நாம் மேலே புகழ்ந்த சிக்கனம் இதில் இன்னும் செம்மையாக அமைந்திருந்தது.

ஆதரவுக்கும் குறைவில்லை. ஜப்பானிய வரைபடக் கதைகளின் புகழ்பெற்ற பாத்திரங்கள் பலவற்றை ஆட்டங்களில் பயன்படுத்தும் உரிமை பன்டாயிடமே இருந்தது. அதைவிட முக்கியமானது, ஸ்குவேர் நிறுவனத்தின் வருகை. ஃபைனல் ஃபேண்டஸி என்னும் தொடரை ஆக்கும் நிறுவனம் அது. 1997இல் ஏழாம் பாகத்தோடு சோனியின் பக்கம் சென்றுவிட்டதால் நின்டெண்டோவுக்கு அக்காலத்தில் அது எதையும் தரவில்லை. 2000 டிசம்பர் 9ஆம் நாள் வண்ணத்திரை கொண்ட வொண்டர்ஸ்வான் வெளிவந்தபோது, ஃபைனல் ஃபேண்டஸியின் முதற்பாகம் புதுமெருகுடன் அதில் வந்தது. பின்னர் இரண்டாம் பாகமும் நான்காம் பாகமும் வந்தன. ஜப்பானில் உள்நாட்டு ஆதரவு என்று சொன்னால் இதைவிடப் பெரிய பெயரைக் காட்டுவது கடினம்.

இருந்தும் என்ன ஆயிற்று? மூன்று வகைக் கருவிகளும் சேர்ந்து சுமார் 35 இலட்சம் விற்றன. கருவி ஜப்பானை விட்டு வெளியே செல்லவே இல்லை. 2003இல் பன்டாய் கடையைக் கட்டியது. 2001 மார்ச்சில் வந்த நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் உலகெங்கும் எட்டுக் கோடிக்கு மேல் விற்றது. 9,800 யென் கொடுத்து அதை வாங்கியவர் தம்மிடம் ஏற்கெனவே இருந்த பழைய கேம் பாய் ஆட்டங்களையும் அதிலேயே செருகி ஆடலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. வொண்டர்ஸ்வான் புதிதாக ஒரு நூலகத்தைக் கட்ட முயன்றது. எதிரியோ பன்னிரண்டு ஆண்டு நூலகத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றது. வகுப்பில் முப்பது பேரிடம் கேம் பாய் இருக்கையில் பிராணிகளை யாரோடு பண்டமாற்றுச் செய்வது என்ற எண்ணமும் சிறுவர் மனத்தில் இருந்திருக்கும் அல்லவா?

ஸ்குவேர் பின்னர் செய்ததுதான் மிகவும் கவனிக்கத்தக்கது. வொண்டர்ஸ்வானுக்கு என அறிவித்த மூன்றாம் பாகம் அதில் வெளிவரவே இல்லை. 2003இல் ஸ்குவேரின் புதிய ஆட்டம் கேம் பாய் அட்வான்ஸில் வந்தது. அந்த மூன்றாம் பாகம் 2006இல் நின்டெண்டோவின் அடுத்த கருவியான டி.எஸ்.இல் வந்தது. ஆதரவு வெற்றியைக் கொண்டு வரவில்லை. வெற்றி இருந்த இடத்துக்கு ஆதரவு நடந்து போயிற்று.

இங்கே நானும் ஓர் எச்சரிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டும். பாட்டரிக் கணக்கைச் சொல்லிக் கேம் பாயின் வெற்றியை விளக்கினேன். பாட்டரிதான் எல்லாம் என்றால் வொண்டர்ஸ்வானே வென்றிருக்க வேண்டும். ஒற்றைக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும் குறை, நான் மறுக்கும் தரப்புக்கு மட்டும் உரியதன்று.

ஒரே ஆட்டம், இரண்டு நாடுகள்

2004 டிசம்பரில் பத்து நாள் இடைவெளியில் ஜப்பானில் இரண்டு கருவிகள் வெளிவந்தன. 2ஆம் நாள் நின்டெண்டோ டி.எஸ்.; 12ஆம் நாள் சோனியின் பி.எஸ்.பி. முன்னதற்கு இரண்டு திரைகள், அவற்றுள் ஒன்று தொட்டால் உணரும் திரை. விலை 15,000 யென். பின்னதற்கு ஒரே பெரிய அகலத்திரை. அழகிலும் ஆற்றலிலும் அதுவே மேல்.

டி.எஸ். வென்ற கதையில் உள்நாட்டார் இருக்கிறார்கள். ஆனால் எதிர்பாராத உருவில். 2005 மே மாதம் வெளிவந்த மூளைப் பயிற்சி ஆட்டம், தொஹோகு பல்கலைக்கழக நரம்பியல் பேராசிரியர் ரியூதா கவாஷிமாவின் பெயரோடு வந்தது. சிறு கூட்டல் கணக்குகள், உரக்கப் படித்தல், எண்களை நினைவில் நிறுத்தல்: இவைதாம் ஆட்டம். இதுவரை ஆட்டக் கருவியைத் தொட்டிராத முதியவர்கள் கடைக்கு வந்தார்கள். (இத்தகைய பயிற்சியால் பொதுவான அறிவாற்றல் வளர்கிறதா என்பது வேறு கேள்வி. 2010இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், வேறு வகை மூளைப் பயிற்சிகளைச் செய்த 11,000க்கு மேற்பட்டோர், செய்த பயிற்சியில் தேறினார்களேயன்றிப் பிறவற்றில் தேறவில்லை.) இந்த ஆட்டத்தை வெளியிட்டது நின்டெண்டோவே. வெளி நிறுவனங்களின் பெரும் ஆதரவு பின்னரே குவிந்தது. டிராகன் குவெஸ்ட் தொடரின் ஒன்பதாம் பாகம் டி.எஸ்.க்கு என்று 2006 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது அக்கருவி ஏற்கெனவே ஜப்பானில் முன்னணிக்கு வந்துவிட்டிருந்தது.

பி.எஸ்.பி.யின் கதை இதைவிடச் சுவையானது. காப்காம் நிறுவனத்தின் மான்ஸ்டர் ஹன்டர் என்னும் வேட்டை ஆட்டம் 2005 டிசம்பரில் அதில் வந்தது. நான்கு பேர் அருகருகே அமர்ந்து, கம்பியில்லாத் தொடர்பால் தங்கள் கருவிகளை இணைத்து, ஒரு பெரிய விலங்கைச் சேர்ந்து வேட்டையாடலாம். இணையம் தேவையில்லை, ஆனால் நால்வரும் ஒரே இடத்தில் கூட வேண்டும். பள்ளி முடிந்த மாணவர்கள் உணவு விடுதியில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தனியே ஓடும் கார்களைவிட இரயிலையே நம்பி வாழும் நெருக்கமான நகரங்களில், நான்கு பேர் கருவியோடு ஒன்றுகூடுவது எளிது. ஒருவன் வாங்கினால் மூன்று நண்பர்களையும் வாங்கச் செய்யும் ஆட்டம் அது. 2010 டிசம்பரில் வெளிவந்த மூன்றாவது கையடக்கப் பாகம் நாற்பது இலட்சத்துக்கு மேல் விற்றது.

அந்த மூன்றாவது பாகம் பி.எஸ்.பி.யில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியிடப்படவே இல்லை. முந்தைய பாகங்கள் வெளியிடப்பட்டும் அங்கே இவ்வகைக் காய்ச்சல் பரவவில்லை. கருவி அதே கருவி, ஆட்டம் அதே ஆட்டம். வேறுபட்டது ஊரும் வாழ்க்கையும். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: பி.எஸ்.பி. உலகில் சுமார் எட்டுக் கோடி விற்றதில் ஜப்பானின் பங்கு ஏறக்குறைய இரண்டு கோடிதான். மற்ற ஆறு கோடியும் மான்ஸ்டர் ஹன்டரின் தயவில்லாமலே விற்றன.

ஆகவே எண்ணிக்கை பயன்படாது என்று தெரிகிறது. நூறு நிறுவனங்கள் ஆதரவு அறிக்கை விடுவதும், கருவியின் ஒரு தன்மையை அந்நாட்டு மக்களின் அன்றாட நடமாட்டத்தோடு சரியாகப் பொருத்திவிடும் ஓர் ஆட்டம் வருவதும் ஒன்றல்ல. முன்னதை வணிகப் பேச்சினால் பெறலாம். பின்னது அவ்வாறு கிடைப்பதில்லை.

வீட்டாவின் வழக்கு

எதிர்த்தரப்பாரின் வலுவான சாட்சியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பி.எஸ்.பி.யின் வாரிசு பிளேஸ்டேஷன் வீட்டா. மான்ஸ்டர் ஹன்டர் அதற்கு வராமல் நின்டெண்டோ 3டி.எஸ்.க்குச் சென்றுவிட்டது, அதனால்தான் வீட்டா தோற்றது, 3டி.எஸ். வென்றது என்பார்கள். முடிவுகள் உண்மை. 3டி.எஸ். ஜப்பானில் இரண்டரைக் கோடி அளவுக்கு விற்றது. வீட்டா அறுபது இலட்சம் அளவில் நின்றுபோயிற்று. ஆனால் நாட்காட்டியைச் சற்று விரித்துப் பாருங்கள்.

3டி.எஸ். 2011 பிப்ரவரி 26ஆம் நாள் 25,000 யென்னுக்கு வந்தது, விற்பனை மந்தம். ஆறே மாதத்தில், ஆகஸ்டு 11ஆம் நாள், விலை 15,000 யென் ஆக்கப்பட்டது. கருவியை நட்டத்துக்கு விற்கவும் துணிந்தார்கள். தலைவர் சதோரு இவாதா தம் ஊதியத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். நவம்பர் 3ஆம் நாள் ஒரு புதிய மரியோ ஆட்டம். டிசம்பர் 1ஆம் நாள் மரியோ வண்டிப் பந்தயம். 10ஆம் நாள் மான்ஸ்டர் ஹன்டர். 17ஆம் நாள் வீட்டா 24,980 யென் விலையில் களத்தில் இறங்கியது. ஏறக்குறைய நான்கு மாதத்தில் விலை, சொந்த ஆட்டங்கள், பிறர் ஆட்டம், போட்டிக் கருவி ஆகிய நான்கும் மாறிவிட்டன. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் ஒரே கலத்தில் நான்கு பொருள்களை ஒன்றாகக் கொட்டிவிட்டு, நிறம் மாறியதற்கு மூன்றாவது பொருளே காரணம் என்று எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் தருவாரா?

வீட்டாவுக்கு வேறு சுமைகளும் இருந்தன. ஆட்டங்களைச் சேமிக்க அதற்கென்றே தனிவகை நினைவு அட்டை வாங்க வேண்டும்; பிற கருவிகளில் பயன்படும் மலிவான அட்டைகள் அதில் சேரா. 32 கிகாபைட் அட்டையின் விலை 9,500 யென். கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! இதைச் சோனியின் பிழை என்றே நான் கருதுகிறேன். எந்த ஆட்ட நிறுவனமும் இதைத் திருத்தியிருக்க முடியாது. அதோடு, 2012 பிப்ரவரியில் டோக்கியோவின் கங்ஹோ நிறுவனம் கைப்பேசிக்கு ஒரு புதிர் ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டது. 2013 மே மாதத்தில் அந்நிறுவனத்தின் பங்குச் சந்தை மதிப்பு நின்டெண்டோவின் மதிப்பையே எட்டிப்பிடித்தது. உள்நாட்டு நிறுவனத்தாரின் கண்கள் எத்திசையில் திரும்பியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இவ்வளவுக்கும் பிறகு, வீட்டாவை ஜப்பானியர் முற்றிலும் கைவிட்டார்கள் என்பதும் பொய். அட்லஸ் நிறுவனத்தின் பெர்சோனா 4 கோல்டன் 2012இல் வந்தது. பன்டாய் நாம்கோவின் காட் ஈட்டர் 2, ஃபால்காம் நிறுவனத்தின் டிரெய்ல்ஸ் ஆஃப் கோல்ட் ஸ்டீல் ஆகியவை 2013இல் வந்தன. கஸ்ட், ஸ்பைக் சுன்சாஃப்ட் போன்ற நடுத்தர நிறுவனங்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருந்தன. எண்ணிக்கையில் பார்த்தால் உள்நாட்டு ஆதரவு மிகுதியாகவே இருந்தது. அது கருவியை வெற்றி பெறச் செய்யவில்லை. ஆனால் சாகவும் விடவில்லை. மேலைநாடுகளில் பேச்சு மூச்சின்றிப் போன பிறகும் ஜப்பானில் 2019 மார்ச்சு வரை உற்பத்தி நடந்தது. உள்நாட்டு ஆதரவு என்பதன் உண்மையான ஆற்றல் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. விழுந்த கருவியை அது எழுப்பி ஓட விடுவதில்லை. ஊன்றுகோலாகப் பல ஆண்டு நிற்க வைக்கிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வீட்டாவுக்கு மிக அதிகமாக விற்ற ஆட்டங்களில் ஒன்று மைன்கிராஃப்ட். ஆக்கியது சுவீடன் நாட்டு நிறுவனம். வீட்டாவுக்கு ஏற்ப மாற்றியமைத்தது ஸ்காட்லாந்து நிறுவனம். பெரியவர்களுக்கான கதை ஆட்டங்கள் வரிசையாக நின்ற கடையில், கட்டிகளை அடுக்கி வீடு கட்ட ஜப்பானியச் சிறுவர்கள் வந்தார்கள். டெட்ரிஸின் கதை மீண்டும் ஒருமுறை!

என் மறுப்பின் எல்லையையும் காட்டிவிட வேண்டும். ஆட்டம் வேண்டாம், பெட்டி போதும் என்று நான் சொல்லவில்லை. மான்ஸ்டர் ஹன்டர் வீட்டாவுக்கு வந்திருந்தால் அது ஜப்பானில் இன்னும் பல இலட்சம் விற்றிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏனெனில் அந்த ஆட்டம் போன இடத்துக்கு நால்வர் நால்வராக ஆடுவோரும் போனார்கள். நான் மறுப்பது 'தீர்மானிக்கிறது' என்னும் சொல்லை மட்டுமே. இனி வரும் காலத்தில் அச்சொல் இன்னும் தளரும். ஒரு கருவிக்கென்றே ஓர் ஆட்டத்தை அடி முதல் நுனி வரை எழுதிய நிலை இன்று அரிதாகி வருகிறது; ஒருமுறை எழுதியதைச் சிறு மாற்றங்களோடு பல கருவிகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆதரவு தருவதற்கு ஆகும் செலவு குறையக் குறைய, அந்த ஆதரவு நமக்கு உணர்த்தும் செய்தியும் குறைகிறது.

அடுத்த முறை ஒரு புதிய கையடக்கக் கருவியின் அறிமுக விழாவில், ஆதரிக்கும் நிறுவனங்களின் சின்னங்களைத் திரை நிறைய அடுக்கிக் காட்டினால், அவற்றை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நினைவு அட்டையின் விலையைக் கேளுங்கள். பாட்டரி எத்தனை மணி நிற்கும் என்று கேளுங்கள். பழைய ஆட்டங்கள் அதில் ஓடுமா என்று கேளுங்கள். மேலே சொன்ன டிரெய்ல்ஸ் ஆஃப் கோல்ட் ஸ்டீல் கதையின் முதற்பாகத்தை 2013இலும் இரண்டாம் பாகத்தை 2014இலும் வீட்டாவில் ஆடி முடித்து, அடுத்தது என்ன ஆகும் என்று காத்திருந்தவர்கள் ஜப்பானில் பலர். மூன்றாம் பாகம் 2017 செப்டம்பரில் வந்தது. அது வீட்டாவில் ஓடாது; தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் 4க்கு மட்டுமே ஆக்கப்பட்டிருந்தது.